ஏற்றக்காரர் எத்தனை மலை ஏறினார்?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது கிளியனூர். பஸ்ஸின் சன்னல் வழியே பார்த்தால் வயலும் தோப்பும் ஏரிக்கரையும்தான் தெரியும். மலை என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படாது. இப்படிப்பட்ட சமவெளியில் பிறந்து வளர்ந்த ஒருவர், ஊரைவிட்டு எங்கும் போகாமலே, நாள்தோறும் பொழுது விடிவதற்குள் ஒரு மலை ஏறி முடித்தார் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். பம்புசெட்டு வருவதற்கு முன் நம் ஊர்க் கிணறுகளில் ஏற்றம் இருந்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். கிணற்றருகே உயரமான தாங்குமரம். அதன்மேல் தராசு போல ஆடும் நீண்ட துலா. துலாவின் ஒரு முனையில் கழி. கழியின் அடியில் சால். ஒருவர் துலாவின் மீதே முன்னும் பின்னுமாக நடப்பார். அவர் நடக்க நடக்க, அவருடைய உடல் பாரத்தால் துலாவின் ஒரு முனை தாழும், மறுமுனை உயரும். சால் கிணற்றுக்குள் இறங்கும். நீருடன் மேலே வரும். கீழே நிற்பவர் அதை வாய்க்காலில் கவிழ்ப்பார்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சால் நீருக்காகத் துலாவின்மேல் இருப்பவர் 1.5 மீட்டர் மேலே ஏறி, அதே அளவு கீழே இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலை வேளையில் அவர் 600 சால் இறைத்தால்?

1.5 × 600 = 900 மீட்டர்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுற்றியுள்ள தரையிலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். நம் ஏற்றக்காரர் காலைக் கஞ்சி குடிப்பதற்கு முன் ராஜகிரியை ஏறக்குறைய நான்கு முறை ஏறிய அளவுக்கு ஏறிவிட்டார்! ஆனால் வேலை முடிந்தபோது அவர் நின்ற இடம் எது? தொடங்கிய அதே கிணற்றங்கரைதான். அவர் ஓர் அங்குலம்கூட உயர்ந்துவிடவில்லை.

அப்படியானால் அந்த 900 மீட்டர் எங்கே போயிற்று? அதைப் புரிந்துகொண்டால், மலைப் பயணம் போகிறவர்களில் பலர் செய்யும் ஒரு தவற்றை நீங்கள் செய்யமாட்டீர்கள்.

கையிருப்பும் செலவும்

காலையில் உங்கள் பையில் 100 ரூபாய் இருந்தது. மாலையிலும் 100 ரூபாய் இருக்கிறது. அப்படியானால் அன்று நீங்கள் செலவே செய்யவில்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. நடுவில் 60 ரூபாய் வந்து, 60 ரூபாய் போயிருக்கலாம். கையிருப்பைப் பார்த்துச் செலவைச் சொல்ல முடியாது. அதற்கு வரவு செலவுக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

மலைப் பாதையும் அப்படித்தான். தொடங்கும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கையிருப்பைப் போன்றது. வழியில் ஏறிய ஏற்றங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் கூட்டினால் கிடைப்பது மொத்த ஏற்றம். உங்கள் கால்கள் செலவழித்தது இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பாதை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. 180 மீட்டர் வரை ஏறுகிறது. பிறகு 140-க்கு இறங்குகிறது. மறுபடி 240-க்கு ஏறி, 200-க்கு இறங்கி, கடைசியில் 300 மீட்டர் உயரமுள்ள உச்சியை அடைகிறது.

உயர வேறுபாடு: 300 – 100 = 200 மீட்டர்.

மொத்த ஏற்றம்: முதல் ஏற்றம் 80, இரண்டாவது 100, மூன்றாவது 100. ஆக 280 மீட்டர்.

வேறுபாடு 80 மீட்டர். இது எங்கிருந்து வந்தது? வழியில் இரண்டு இடங்களில் 40, 40 மீட்டர் இறங்கினோம் அல்லவா? இறங்கியதை எல்லாம் மறுபடி ஏற வேண்டியிருந்தது. அதுதான் அந்த 80.

இத்துடன் கணக்கு முடியவில்லை. அதே வழியில் திரும்பி வரவேண்டும். போகும்போது இறங்கிய இடங்கள் எல்லாம் வரும்போது ஏற்றமாகிவிடும். ஆகவே திரும்பும் வழியிலும் 80 மீட்டர் ஏற வேண்டும். “உச்சியைத் தொட்டாயிற்று, இனி எல்லாம் இறக்கம்தானே” என்று நினைத்து, தண்ணீரையெல்லாம் உச்சியிலேயே குடித்துத் தீர்த்தவர்கள் இந்த 80 மீட்டரில்தான் தவிப்பார்கள். போய்வரும் மொத்த ஏற்றம் 280 + 80 = 360 மீட்டர்.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், எந்தப் பாதையானாலும் மொத்த ஏற்றமும் மொத்த இறக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு குன்றை எண்ணாமல் விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

பெயர் பெற்ற சில ஏற்றங்கள்

எருமேலியிலிருந்து பெருவழியில் சபரிமலைக்கு நடந்து சென்றவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கலாம். அவர்களிடம் கேளுங்கள். அழுதை மலை ஏற வேண்டும், இறங்க வேண்டும். பிறகு கரிமலை ஏற்றம். அதன்பின் கரிமலை இறக்கம். பம்பையை அடைந்தபின் நீலிமலை ஏற்றம். சன்னிதானத்தின் உயரத்தை மட்டும் தெரிந்துகொண்டு இந்த வழியின் கடினத்தைக் கணக்கிட முடியுமா?

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் ஏழு மலைகளைக் கடக்க வேண்டும் என்பார்கள். ஏழாவது மலையின் ஏற்றத்துக்கு முன்னால் பாதை கீழே இறங்குகிறது. களைத்த கால்களோடு, இறங்கிய உயரத்தையும் சேர்த்து ஏற வேண்டியிருக்கிறது.

இதற்கு மாறாக நீலகிரியின் தொட்டபெட்டாவைப் பாருங்கள். 2,637 மீட்டர் உயரம். தமிழ்நாட்டு மலைகளில் மிகவும் பெயர் பெற்ற உச்சிகளில் ஒன்று. ஆனால் உதகை நகரமே 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து நடப்பவர் ஏற வேண்டியது ஏறக்குறைய 400 மீட்டர்தான். மீதியைப் பஸ் ஏறிவிட்டது! உயரம் மிகக் குறைந்த வெள்ளியங்கிரி அதைவிடப் பன்மடங்கு வேலை வாங்குகிறது.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ. தூரம். தூரம் அதிகம், ஏற்றம் மிகக் குறைவு. அதனால்தான் வயதானவர்களும் மெல்ல மெல்ல நடந்து முடித்துவிடுகிறார்கள். ஆக, மலையின் உயரம், நடக்கும் தூரம், மொத்த ஏற்றம் மூன்றும் வெவ்வேறு. ஒன்றைக் கேட்டால் மற்றொன்று தெரியாது.

செஞ்சிக்குப் போவோமா?

திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 28 கி.மீ. சென்றால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை. முகலாயப் படை 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் இதைக் கைப்பற்ற முடிந்தது. ராஜகிரியின் உச்சிக்கு அருகே பாறையில் ஓர் ஆழமான பிளவு; அதன்மேல் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. ஆயுதங்களைச் சுமந்துகொண்டு ஏறி வரும் பகைவன் உச்சியை நெருங்குவதற்குள்ளேயே களைத்துப்போவான். ஏற்றத்தையே ஓர் ஆயுதமாக்கிக் கட்டிய கோட்டை இது! 2025-ஆம் ஆண்டு மராத்தியர் காலக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இதுவும் சேர்ந்தது.

உங்கள் வகுப்பு ஒருநாள் செஞ்சிக்குப் போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டையும் பார்க்க ஆசை. “இருப்பதில் உயரமானது ராஜகிரி, 240 மீட்டர். ஆகவே இன்று நாம் ஏற வேண்டியது 240 மீட்டர்” என்கிறான் ஒரு மாணவன். அவன் சொல்வது சரியா?

இரண்டு குன்றுகளுக்கும் நடுவே திருவண்ணாமலைச் சாலை செல்கிறது. ஒன்றிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துதான் மற்றதில் ஏற முடியும். கணக்குக்காகக் கிருஷ்ணகிரியில் 150 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மொத்த ஏற்றம் 240 + 150 = 390 மீட்டர். அந்த மாணவனின் கணக்கில் ஒரு முழுக் குன்றே விடுபட்டுவிட்டது!

எவ்வளவு நேரம் ஆகும்?

1892-இல் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஓர் எளிய விதியைச் சொன்னார். நம் அளவைகளில் அதை ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் 1 மணி நேரம். அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு 1 மணி நேரம்.

நம் செஞ்சிப் பயணத்தில் மொத்தம் 6 கி.மீ. நடப்பதாகக் கொள்வோம்.

தூரத்துக்கு: 6 ÷ 5 மணி = 72 நிமிடம்.
ஏற்றத்துக்கு: 390 ÷ 600 மணி = 39 நிமிடம்.
மொத்தம்: 111 நிமிடம், அதாவது 1 மணி 51 நிமிடம்.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழக்கப்பட்ட மலையேறிகள், குளிர்ந்த ஒரு நாட்டில், நிற்காமல் நடப்பதற்கான விதி இது. செஞ்சியில் உயரமான கருங்கல் படிகள். தலைக்கு மேலே வெயில். காலுக்குக் கீழே கொதிக்கும் பாறை. கூட்டமாகப் போனால் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லாருடைய வேகமும். ஆகவே விடையை இரண்டால் பெருக்குவது நல்லது. ஏறக்குறைய 3 மணி 45 நிமிடம். களஞ்சியம், கல்யாண மகால் முதலியவற்றைப் பார்க்க ஒன்றரை மணி. சாப்பிட முக்கால் மணி. மொத்தம் 6 மணி நேரம். காலை 9 மணிக்குத் தொடங்கினால் முடியும்போது பிற்பகல் 3 மணி!

“ஆறு கிலோமீட்டர்தானே, 11 மணிக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்” என்று நினைத்தவர் உச்சி வெயிலில் பாறைமேல் நிற்பார். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பின் ராஜகிரியில் ஏற விடுவதும் இல்லை. அது எந்த நேரம் என்று நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தக் குன்று? 240 + 150 என்றாலும் 150 + 240 என்றாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. பெரிய ஏற்றத்தைக் காலைக் குளுமையில் முடித்துவிட வேண்டும். ஆகவே ராஜகிரி முதலில். அதில் இறங்கி வந்தபின் யாராவது மிகவும் களைத்திருந்தால் கிருஷ்ணகிரியை இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடம்பு என்ன செய்கிறது?

ஒரு பொருளை மேலே தூக்கச் செய்யும் வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். உங்கள் எடை 40 கிலோ என்றால், 390 மீட்டர் ஏற,

40 × 9.8 × 390 = 152,880 ஜூல்.

இது ஏறக்குறைய 37 கிலோ கலோரி. ஆனால் நம் தசைகள் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு அளவுதான் வேலையாக மாறும். மீதி வெப்பமாகிவிடும். ஆகவே உடல் உண்மையில் செலவழிப்பது 146 கிலோ கலோரிக்கு அருகில். சுமார் மூன்று இட்லி!

“இவ்வளவுதானா?” என்று தோன்றும். இட்லியைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. வெப்பத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். நாலில் மூன்று பங்கு, அதாவது 4,50,000 ஜூலுக்கும் மேற்பட்ட வெப்பம், உடலுக்குள்ளேயே பிறக்கிறது. அதை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். இந்தக் கணக்குப்படி ஏறுவதற்கு மட்டும் ஒரு டம்ளர் வியர்வை, அதாவது 190 மி.லி. போதும். ஆனால் சமதளத்தில் நடப்பதும் வெப்பம் தருகிறது. வெயிலும் பாறையும் வெளியிலிருந்து வெப்பத்தைக் கொட்டுகின்றன. வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமலே வழிந்து வீணாகிறது. இதனால் வெயிலில் மலை ஏறுபவர் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர், சில வேளை அதற்கும் மேலேயே நீரை இழக்கிறார். எனவே ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம் எது வந்தாலும் உடனே நிழலுக்குப் போய் உட்கார்ந்து, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் இப்படிப்பட்ட பயணமே வேண்டாம்.

இறங்கும்போது செலவழித்த சக்தி திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது. இறங்கும்போது உடல் உருண்டு ஓடிவிடாமல் தொடைத் தசைகள் பிரேக் போடுகின்றன. அதற்கும் சக்தி வேண்டும். மறுநாள் காலையில் தொடை வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தின் வேலைதான். ராஜகிரியில் ஏறியதை இறங்கி வந்ததால் ‘திரும்பப் பெற்றுவிட்டோம்’ என்று கிருஷ்ணகிரியின் அடிவாரத்தில் நின்று நினைக்காதீர்கள். ஏற்றக்காரரின் 900 மீட்டர் எங்கே போயிற்று என்று கேட்டோமே, அதற்கும் இங்கேதான் விடை. அதில் ஒரு பங்கு, கிணற்று நீரை மேலே தூக்கிப் பயிரை வளர்த்தது. மீதியெல்லாம் வெப்பமாகி, அவர் நெற்றியில் வியர்வையாக வழிந்தது.

வரைபடத்தில் ஏற்றத்தை எண்ணுவது எப்படி?

இந்திய நில அளவைத் துறை வெளியிடும் நிலத்தோற்ற வரைபடங்களில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து செல்லும் கோடுகள் இருக்கும். இவை சமஉயரக் கோடுகள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை. 1:50,000 அளவுள்ள படங்களில் பொதுவாக ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வேறுபாடு. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. விலகியிருந்தால் சரிவு குறைவு.

நீங்கள் போகும் பாதையைப் பென்சிலால் மெல்ல வரைந்துகொள்ளுங்கள். அது ஒரு கோட்டைக் கடந்து மேலே போகும்போதெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். கீழே இறங்கும்போது வைக்க வேண்டாம். முடிவில் புள்ளிகளை எண்ணி 20-ஆல் பெருக்கினால் மொத்த ஏற்றம். 14 புள்ளிகள் என்றால் 280 மீட்டர்.

இதில் ஒரு குறை உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே 10 மீட்டர் ஏறி 10 மீட்டர் இறங்கும் சிறு மேடு படத்தில் தெரியாது. ஆகவே உண்மையான ஏற்றம் படம் சொல்வதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

கைப்பேசியில் இதற்கு நேர்மாறான குறை வரலாம். செயற்கைக்கோள் வழியே அது காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை எப்போதும் இருக்கும். நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போதும் அது 3 மீட்டர் ஏறினீர்கள், 2 மீட்டர் இறங்கினீர்கள் என்று காட்டக்கூடும். அந்தப் பொய் ஏற்றங்களையும் கூட்டினால் கணக்கு வீங்கிவிடும். ஒன்றாக நடந்த இருவரின் கைப்பேசிகள் இரண்டு விடை சொல்வது இதனால்தான். சில கைப்பேசிகளில் காற்றழுத்தமானியும் உண்டு. கடல் மட்டத்துக்கு அருகில் சுமார் 8.5 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 மில்லிபார் குறையும். சிறு ஏற்ற இறக்கங்களை இது நன்றாகவே உணரும். ஆனால் வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

படிகள் உள்ள எந்த இடத்திலும் ஏற்றத்தை அளக்கலாம். உங்களுக்கு அருகில் மயிலம் முருகன் கோயில் குன்று இருக்கலாம். இல்லாவிட்டால் பள்ளிக்கூட மாடிப்படி போதும். பத்துப் படிகளின் உயரத்தை அளவுகோலால் அளந்து சராசரி காணுங்கள். படிகளை எண்ணிப் பெருக்குங்கள். திருத்தணியில் 365 படிகள் என்பார்கள். படி ஒன்றுக்கு 15 செ.மீ. என்றால் அது ஏறக்குறைய 55 மீட்டர் ஏற்றம்.

அடுத்து, உங்கள் வீட்டில் ஒருநாள் முழுவதும் யார் எத்தனை முறை மாடிப்படியோ திண்ணையோ ஏறுகிறார்கள், கிணற்றிலிருந்து எத்தனை குடம் நீர் மேலே வருகிறது என்று குறித்து, மொத்த ஏற்றத்தைக் கணக்கிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதலிடம் யாருக்கு என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவிடம் அந்த எண்ணைக் காட்டுங்கள்!

கேள்விகள்

1. ஒரு பாதையின் உயரங்கள் மீட்டரில் வரிசையாக: 60, 100, 80, 140, 120, 200. போகும்போது மொத்த ஏற்றம் என்ன? அதே வழியில் திரும்பும்போது என்ன?

2. அந்தப் பாதை ஒருவழியாக 4 கி.மீ. என்றால், போய்வர நெய்ஸ்மித் விதிப்படி எவ்வளவு நேரம் ஆகும்?

3. 40 கிலோ எடையுள்ள மாணவர் 4 கிலோ பையைச் சுமந்து ஏறினால் செய்யும் வேலை எத்தனை விழுக்காடு கூடும்?

விடைகள்: 1. போகும்போது 180 மீட்டர். திரும்பும்போது 40 மீட்டர். 2. தூரத்துக்கு 96 நிமிடம், ஏற்றத்துக்கு 22 நிமிடம். ஆக 1 மணி 58 நிமிடம். நம் வெயிலில் இதையும் இரண்டால் பெருக்குங்கள். 3. 10 விழுக்காடு. ஆனால் பையில் இருப்பது தண்ணீர் என்றால் அதைக் குறைக்காதீர்கள்!